ஸ்கோர் எழுதப் பிறந்தவன் இல்லை என் தம்பி

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி 2024-ல் பாரிஸில் முடிந்ததிலிருந்து எங்கள் பக்கத்து விசேஷ வீடுகளில் சக்கர நாற்காலியில் இருக்கிற என் தம்பியைப் பார்க்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: "இவரையும் அதுல சேத்துவிடலாமே?" பந்திக்குக் காத்திருக்கும்போது, மொய் எழுதிவிட்டுத் திரும்பும்போது, காரைக்குடி கடைத்தெருவில் எதிர்ப்படும்போது என்று எங்கே போனாலும் இதே பேச்சு. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிலர் ஒரு படி மேலே போய், "மாரியப்பனைப் பாருப்பா, நீயும் மனசு வச்சா முடியும்" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி ஒரு கால் நசுங்கிப்போனவர். 2016-ல் ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். நமக்குப் பக்கத்து ஊர் மதுரையில் செவித்திறன் இல்லாத ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் அள்ளி வந்தார். இவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். பிறவியிலிருந்தே கை கால் தசைகள் அவன் நினைத்த நேரத்தில் நினைத்தபடி அசையாது. வலது கை மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கும். பேச்சு குழறும், பழகியவர்களுக்குப் புரியும். சக்கர நாற்காலியில்தான் நாள் முழுக்க. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உயரம் தாண்டுகிற ஒரு மனிதரைக் காட்டி "நீயும் மனசு வை" என்று இவனிடம் சொன்னால், இத்தனை வருஷமும் மனசு வைக்காததால்தான் இப்படி இருக்கிறான் என்று ஆகிவிடுகிறது. அப்படிச் சொல்லிவிட்டு அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், அன்று ராத்திரி முழுக்க இவன் யாரோடும் பேச மாட்டான்.

அவன் பதக்கம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரோடு சேர்ந்து விளையாட வேண்டும், தோற்க வேண்டும், ஆத்திரம் வர வேண்டும், அடுத்த வாரம் வந்து ஜெயிக்க வேண்டும். ஊரில் மற்ற எல்லாப் பையன்களுக்கும் கேட்காமலே கிடைத்தது இது. இதைத்தான் அவனும் கேட்கிறான்.

பள்ளிக்கூடத்தில் இவனுக்குக் கிடைத்தது என்ன என்று சொல்கிறேன். விளையாட்டு பீரியட் மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும், இவன் மட்டும் வகுப்பில் இருப்பான், நாற்பது புத்தகப் பைகளுக்கும் கழற்றி வைத்த வாட்சுகளுக்கும் காவலாக. மேல் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நல்ல ஆசிரியர் இவனை மைதானத்துக்கே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, வேப்பமரத்து நிழலில் நாற்காலியை நிறுத்தி, கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் சொல்லும் வேலையைக் கொடுத்தார். எழுதுவதற்குப் பக்கத்தில் ஒரு பையன், கணக்குச் சொல்வது இவன். ஒரு பந்து விடாமல் ஞாபகம் வைத்திருப்பான். "உன் தம்பி இல்லாம மேட்சே நடக்காதுக்கா" என்று அவன் கூட்டாளிகள் என்னிடம் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையான அன்பு. ஆனால் ஒரு முறை கூட அவன் பந்தைத் தொட்டதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவனுக்கு ஓரத்தில் நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட்டால் அவனையும் சேர்த்துக்கொண்டாயிற்று என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். தேரோட்டத்திலும் அப்படித்தான், பொங்கல் விளையாட்டிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். "நல்லாத் தெரியுதாப்பா? இங்கனயே இருந்து பாரு."

2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறுகிற அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, படிப்போடு கூடவே விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது. 30-வது பிரிவு முழுக்கவே விளையாட்டைப் பற்றியது. விளையாட்டுத் திட்டங்களில் அவர்களுடைய பங்கேற்பு உரிமையை மதிக்க வேண்டும், மைதானத்தையும் வசதிகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என் தம்பி படித்த காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. இப்போதும் பல பள்ளிகளில் பைக்குக் காவல் இருக்க ஒரு பிள்ளை இருக்கிறது.

வீட்டில் விளையாட்டு இல்லையா என்றால், பிசியோதெரபி இருந்தது. இந்தப் பிள்ளைகளை வளர்த்த வீடுகளுக்கு நான் சொல்வது புரியும். பந்தைப் பிடி என்றால் விரல் நீள்வதற்கு. தண்ணீரில் இறக்கினால் தசை இளகுவதற்கு. ஊஞ்சலில் உட்கார வைத்தால் முதுகு நிமிர்வதற்கு. எல்லாமே நல்லதுக்குத்தான், ஆனால் எதுவுமே சும்மா இல்லை. முதல் முதலாகப் புதிதாக ஒரு பந்தை அவன் கையில் கொடுத்தபோது அவன் என்னிடம் கேட்டது, "இது பிசியோவா, விளையாட்டா?"

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பாராலிம்பிக் என்ற ஒன்று பிறந்ததே மருத்துவமனையில்தான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில், போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவை 1944-ல் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் தொடங்கினார். அந்தக் காலத்தில் அப்படி அடிபட்டவர்கள் படுக்கையிலேயே புண் வந்து, சிறுநீர்த் தொற்று வந்து சீக்கிரமே போய்விடுவார்கள் என்பதுதான் நிலை. அவர்களை அவர் உட்கார வைத்தார், அப்புறம் விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். நம் நாட்டு முரளிகாந்த் பேட்கரும் அப்படித்தான், 1965 போரில் குண்டடி பட்டு, சிகிச்சைக்காக நீச்சல் பழகி, 1972-ல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தார். சிகிச்சை அவர்களை விளையாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சிகிச்சையிலேயே நின்றுபோகிறார்கள், அதற்கு அடுத்த வாசல் நம் பக்கத்தில் திறப்பதே இல்லை.

சரி, எங்களுக்குத் திறந்த வாசலைச் சொல்கிறேன். அதன் பெயர் போச்சா.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களை மனதில் வைத்தே வளர்ந்த ஆட்டம் இது, 1984-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள தளம். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். ஒருவருக்கு ஆறு சிவப்புப் பந்து, மற்றவருக்கு ஆறு நீலப் பந்து. வெள்ளைக்கு யார் பந்து கிட்டத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கோலிக்குண்டு ஆடிய யாருக்கும் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கையால் எறியலாம், காலால் தள்ளலாம். கையும் காலும் பந்தை விசையோடு விட முடியாத அளவுக்கு முடங்கியவர்களுக்கு பிசி3 என்று ஒரு பிரிவு. அவர்கள் ஒரு சரிவுக் குழாய் வழியாகப் பந்தை உருட்டலாம். என் தம்பி அந்தப் பிரிவு.

எங்கள் அப்பா பள்ளத்தூர் பக்கத்தில் ஒரு நகரத்தார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வருஷத்தில் படைப்புக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள், மற்ற நாளெல்லாம் வளவு என்று நாங்கள் சொல்கிற உள்முற்றக் கட்டு முழுக்க வெளிச்சமும் புறாக்களும்தான். அங்கே விளையாடலாமா என்று நான் தயங்கித் தயங்கிப் போனில் கேட்டபோது அந்த வீட்டு ஆச்சி, "பூட்டிக் கெடக்குற வீட்டுல நாலு பேரு புழங்குனா நல்லதுதானே ஆத்தா. தரையில மட்டும் கீறல் விழாமப் பாத்துக்கங்க" என்றார்கள். அவ்வளவுதான் அனுமதி.

உள்ளே போவதுதான் பெரும்பாடு. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு, அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் ஏற்றும்போது தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார், இறக்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். தெருவிலிருந்து அந்த வீட்டு முகப்புக்கு மூன்று அடிக்குக் குறையாது. முப்பத்தாறு அடிக்குச் சரிவு போட்டால் அது எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கும். ஆனால் இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. பின்பக்கம் வண்டி வந்து சாமான் இறக்குகிற வாசலில் ஒரே ஒரு படிதான். அந்த வழியாக, அடுப்படி தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி வர வேண்டும். வழியில் ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி. பர்மாத் தேக்கு, அரை அடி உயரம். தச்சரிடம் சொல்லி அதற்கு இருபக்கமும் முட்டுக் கொடுக்கிற மாதிரி சரிவுக் கட்டைகள் செய்துகொண்டோம். ஆட்டம் முடிந்ததும் எடுத்து ஓரமாக அடுக்கிவிடலாம். பழைய வீட்டை இடிக்க வேண்டாம், ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம். பாரம்பரிய வீடுகளில் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டைகளைக் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

பந்து செய்தது எங்கள் குழுவில் இருக்கிற தையல்கார அண்ணன். போலியோவில் இரண்டு காலும் போனவர், இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி நடப்பவர், அரசாங்கம் கொடுத்த சைடு வீல் ஸ்கூட்டரில் வருவார். போச்சாப் பந்து 275 கிராம் இருக்க வேண்டும், தட்டினால் எகிறக் கூடாது, கையில் பிடித்தால் சற்று அமுங்க வேண்டும். சீட் தைக்கிற ரெக்சின் துண்டுகளை வெட்டி, உள்ளே பச்சைப்பயறு போட்டுத் தைத்தார். உருண்டது நன்றாகத்தான் உருண்டது, மழைக்காலத்தில் வண்டு வைத்துவிட்டது. அப்புறம் பிளாஸ்டிக் குருணை கிடைத்தது, அதுதான் இன்று வரை. எடை போட்டுக் கொடுத்தது மளிகைக் கடைத் தராசு. சரிவுக் குழாய் என்பது நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தது, ஓரத்தைத் தேய்த்து, ஒரு ஸ்டாண்டில் ஏற்றி இறக்குகிற மாதிரி கட்டியது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தேய்ந்து தேய்ந்து, எண்ணெய் ஏறி, முகம் தெரிகிற வழவழப்பு. பந்தை மெல்ல விட்டாலே கடைசிவரை ஓடும். அதனால் எங்கள் ஆட்டத்துக்கென்று ஒரு கைப்பக்குவம் வந்துவிட்டது, குழாயை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி விடுவது. தளத்தின் முழு அகலம் எங்களுக்குக் கிடைக்காது, தூண்கள் இருக்கின்றன, இருக்கிற இடத்தில் ஆடுகிறோம். கல்லில் பூப்போட்ட கட்டங்கள் இருப்பதால் தூரத்தை எண்ணிச் சொல்ல வசதி. இரண்டு பந்தும் ஒரே தூரத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தால் தென்னை ஈர்க்கை வைத்து அளப்போம். அந்த ஈர்க்கு அளவையில்தான் எங்கள் சண்டை எல்லாம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். குழாயைப் பிடித்துக்கொள்ள ஆடுகிறவருக்கு ஓர் உதவியாள் உண்டு. என் தம்பிக்கு நான். விதி என்ன சொல்கிறது என்றால், அந்த உதவியாள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு உயர்த்துவது எல்லாம் ஆடுகிறவர் சொல்ல, உதவியாள் செய்ய வேண்டும். பந்தைக் கடைசியாகத் தொட்டு விடுவதும் ஆடுகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

அவனுக்கு எந்தச் சட்டை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எப்போது படுப்பது என்று எல்லாவற்றையும் அம்மாவும் நானும்தான் தீர்மானித்து வந்திருக்கிறோம், வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் அவனுக்கு எதிரே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். "எடது... இன்னும்... ம்ம், போதும். எறக்கு." நான் இறக்குவேன். "நெறய எறக்கிட்ட." ஏற்றுவேன். பந்து உருள்கிற சத்தம் கேட்கும், எதிலோ இடிக்கிற சத்தம் கேட்கும், எதிராளி "அய்யோ" என்பான் அல்லது சிரிப்பான். எனக்குத் தெரிவது என் தம்பி முகம் மட்டும்தான். வலது கை விரல்கள் பந்தைத் தள்ளப் போகும்போது கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், உதடு கோணும், அந்த இழுப்பு அடங்கும்வரை காத்திருந்து, சரியாக அடங்குகிற நொடியில் பந்தை விடுவான். உடம்பு இழுப்பதை நிறுத்த அவனால் முடியாது. ஆனால் அது எப்போது ஓயும் என்று அவனுக்குத் தெரியும். முப்பது வருஷமாக இந்த உடம்போடு இருப்பவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. அதை ஒரு திறமையாக எண்ணிப் பார்த்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன் வந்ததே இல்லை.

ஒருநாள் அவன் குறி தப்பப் போகிறது என்று குழாய் இருந்த கோணத்திலேயே எனக்குத் தோன்றி, "இன்னும் கொஞ்சம் எடது வேணாமா?" என்றேன். எதிரே ஆடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன், "அக்கா பேசிட்டாங்க! ஃபவுல்!" என்று கத்தினான். என் தம்பி அவனைவிடச் சத்தமாக, "ஆமா, ஃபவுல்" என்றான். புள்ளி போனாலும் பரவாயில்லை என்று விதியின் பக்கம் நின்றான். அன்று அவன் முகத்தில் இருந்தது கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையால் எறிவான். பெரும்பாலும் தோற்பான். இவனுக்காக விட்டுக்கொடுத்துத் தோற்கிறவன் இல்லை அவன், விட்டுக்கொடுத்தால் என் தம்பி கண்டுபிடித்துவிடுவான், அடுத்த வாரம் அவனோடு ஆட மாட்டான். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்று அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான இயக்கம் இருக்கிறது, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-ல் சிகாகோவில் முதல் போட்டியை நடத்தினார். அதில் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் முறையும் உண்டு. எங்கள் வளவில் யாரும் திட்டம் போடாமலே அதுதான் நடக்கிறது.

விதியை மாற்றினால் அது உண்மையான ஆட்டம் இல்லை, சலுகை ஆட்டம் என்று சிலர் சொல்வதுண்டு. என்னிடம் நேரிலேயே சொன்னார்கள். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு வைக்கிறார்கள், அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பாருங்கள். பதினொரு பேரில் குறைந்தது நாலு பேர் பார்வை அறவே இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பந்து கெட்டி பிளாஸ்டிக், உள்ளே குண்டுமணி மாதிரி இரும்புக் குண்டுகள் கலகலக்கும். கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும், பந்து பாதி ஆடுகளத்துக்கு முன்பே தரையில் பட வேண்டும், பட்டால்தான் சத்தம் வரும். வீசுகிறவர் தயாரா என்று கேட்க வேண்டும், அடிக்கிறவர் ஆமாம் என்ற பிறகுதான் கையிலிருந்து பந்து போகும். முழுப் பார்வையற்றவர் அடித்த ஓட்டம் இரண்டாகக் கணக்கு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து ஒரு கடுமையான ஆட்டமாக நிற்கிறது. 2012-ல் பெங்களூரில் நடந்த அவர்களுடைய முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தது இந்தியாதான், எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்தது காரைக்குடியில், கல்லூரிப் பையன்கள் தங்களுக்குள் ஆடியபோது. கட்டாந்தரை, நல்ல வெயில். கவர் பக்கம் நின்ற பையன் காதைத் தரைப் பக்கம் சாய்த்து, பந்து வரும் திசைக்கு உடம்பையே கிடத்திவிடுவான், விழுந்து எழுந்து முட்டியெல்லாம் செம்மண். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் காது குத்து விசேஷத்துக்கு மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. பந்து கேட்கவில்லை. போய்ச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார்கள், விசேஷ வீட்டுக்காரர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், கொஞ்சம் குறைந்தது போதவில்லை. கண் தெரியாதவர்களுக்கு மைதானம் என்பது தரை மட்டும் இல்லை, அங்கே இருக்கிற அமைதியும் சேர்ந்துதான். குழாய் ரேடியோ இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செட்டிநாட்டில் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செலவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு விரிந்து சாய்ந்த சக்கரம் வைத்த தனி நாற்காலி வேண்டும், அது நம்மால் ஆகாத காசு என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு என்ன வேண்டும்? ஒரு பந்து, ஒரு வலை, மழமழப்பான தரை. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர். பந்தைத் தொடும்போது உடம்பு தரையிலிருந்து எழும்பக் கூடாது, அதுதான் முக்கிய விதி. எங்கள் சித்தப்பா பையன்கள் ஊர் வாலிபால் டீமில் ஆடுகிறவர்கள், அவர்களை உட்கார வைத்து எங்கள் தையல்கார அண்ணனோடு மோதவிட்டோம். இத்தனை வருஷம் கட்டையை ஊன்றி ஊன்றி அவர் தோளில் ஏறியிருக்கிற வலுவும், தரையில் கையை ஊன்றி இடம் மாறுகிற வேகமும் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? தோற்றுவிட்டு, "கால் இல்லாம எப்படிண்ணே இப்படி நகர்றீங்க" என்று கேட்டு அவரிடம் பழகிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் ஆடுகிற ஆட்டத்துக்கு அதுவும் வேண்டாம். எங்களோடு வருகிற ஒரு பெண் பிள்ளைக்குப் பார்வை கிடையாது. தாயம் ஆட வேண்டும் என்றாள். பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளிகள் குழியாகத்தான் இருக்கும், விரலை வைத்தாலே ஒன்றா, இரண்டா, மூன்றா, வெறும் பக்கமா என்று தெரிந்துவிடும். கட்டத்துக்கு அட்டையில் நூலை ஒட்டினோம். கோல்பால் என்று பார்வையற்றவர்களுக்கான ஆட்டத்தில் தரைக் கோடுகளை இப்படித்தான் போடுவார்கள், நூலை வைத்து மேலே டேப் ஒட்டி, கையால் தடவி இடம் தெரிந்துகொள்கிற மாதிரி. காய்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, வளையல் துண்டு, கூழாங்கல். எதிராளி உருட்டினாலும் அவள் ஒரு முறை தடவிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வாள், அதனால் அவளிடம் யாரும் அழுகுணி ஆட்டம் ஆட முடியாது. வெட்டு விழுந்தால் வளவே அதிரக் கத்துவாள்.

அந்தப் பெண் பிள்ளை வருவதற்குள் அவள் அம்மா கேட்டது ஒரே கேள்வி: பாத்ரூம் இருக்கிறதா? கால் வழுக்காமல், கம்பி பிடித்துக்கொண்டு, உள்ளே தாழ் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறதா? பெண்கள் விளையாட வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து முதலில் அந்த மைதானத்தின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்களை எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்காமல் எந்த விளையாட்டு விளையாடுவது?

பொழுதுபோக்கு என்றால் விளையாட்டு மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்கப் போவதும் உண்டு, கடலுக்குப் போவதும் உண்டு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டுச் சக்கர நாற்காலியை அலைக்குக் கிட்டத்தில் கொண்டுபோக வழி செய்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். அதில் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனபோது பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று எல்லோருமே அந்தப் பாதையில்தான் நடந்தார்கள். நமக்குக் கிட்டத்துக் கடல் தொண்டி, தேவகோட்டை வழியாகப் போனால் வந்துவிடும். அங்கே நாற்காலி மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்துவிடும், நாலு பேர் தூக்கித்தான் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போகலாம், தூக்குவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வயது ஆணை நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதை ஊரே நின்று பார்க்கிறபோது அவன் கடலைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறான்.

காரைக்குடிக்கு இதில் ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது என்பது என் எண்ணம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் சொல்லிக்கொடுக்கிறார்கள், சிறப்புக் கல்வியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளையாட்டு சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களும் இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில் படித்து வெளியே வருகிறார்கள். இவர்கள் நம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சேர்ந்து நின்றால் போதும், எவ்வளவோ நடக்கும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் மாவட்டப் போட்டிக்கு வந்து நிற்கிற பிள்ளைக்கு அதற்கு முன்னால் தெருவில் ஆடிப் பழக ஒரு வருஷமாவது கிடைத்திருக்க வேண்டாமா? உடற்கல்வி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வகுப்பில் நடக்க முடியாத பிள்ளை ஒன்று இருந்தால், அதற்குத் தனி ஆட்டம் கண்டுபிடிக்க வேண்டாம், மாதத்தில் ஒரு பீரியட் மொத்த வகுப்பையும் தரையில் உட்கார வைத்து வாலிபால் போடச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், விழட்டும், மற்ற பிள்ளைகளும் விழுந்துதான் விளையாடுகின்றன.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு இளைஞர் மன்றம் விளையாட்டு விழா நடத்துவார்கள், உறியடி, வழுக்குமரம், சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர் எல்லாம் உண்டு. போன பொங்கலுக்குத் தம்பியை மேடைக்குப் பக்கத்தில் அழைத்துச் "சிறப்புப் பரிசு" என்று ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். "எதுக்கு?" என்று கேட்டான், மைக்கில் இருந்தவருக்குப் புரியவில்லை, கை தட்டினார்கள். இந்த முறை மன்றத்துப் பையன்களை முன்கூட்டியே வளவுக்கு வரச்சொல்லி ஆட விட்டோம். ஈர்க்கு அளவையில் அவர்களும் சண்டை போட்டார்கள். அதற்கப்புறம் நாங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலும் போச்சாவும் நோட்டீஸில் மற்ற போட்டிகளோடு சேர்ந்து அச்சாகப் போகின்றன, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், நுழைவுக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று.

இப்போது பிரச்சினை இடம்தான். போச்சாவுக்கு முழுத் தளம் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நிற்கிறான், 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறையக் கூடாதாம். பள்ளிக்கூட வராந்தா அவ்வளவு அகலம் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற சிமெண்ட் நெற்களம் போதும், ஏறவும் படி கிடையாது. ஆனால் தை மாதம் அறுவடை நேரம், களம் முழுக்க நெல் கிடக்கும். பாதிக் களத்தை இரண்டு நாளைக்கு ஒழித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம், கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.